கொமடோர் எழுதித் தந்த கடிதம்

போன மாதம் என் வீட்டுக்காரர் எங்கேயோ மலிவு விற்பனையில் ஒரு சவரச் சவர்க்காரம் வாங்கிக்கொண்டு வந்தார். மரக்கிண்ணத்துக்குள் வட்டமாக இருக்கும், தூரிகையை நனைத்துக் குழைத்துப் பூசுகிற பழைய வகை. அடுத்த நாள் காலை குளியலறைக் கதவைத் திறந்தேன், அந்த மணம் வந்து முகத்தில் அடித்தது. சந்தனம் என்றும் சொல்ல முடியாது, எலுமிச்சை என்றும் சொல்ல முடியாது. மாரிகாலம் முழுக்கப் பூட்டி வைத்த அலுமாரியைத் திறந்தால் ஒன்று வருமே, அதில் இந்த இரண்டையும் கொஞ்சம் தெளித்த மாதிரி. பல் விளக்கப் போனவள் தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னப்பா, எனக்கு ஷேவ் எடுத்துவிடப் போறீரோ?" என்றார் இவர்.

வேறு நாளாக இருந்தால் நானும் ஏதாவது திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்குத் தூரிகையைக் கிண்ணத்துக்குள் திரும்ப வைத்தேன். அந்த மணத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். அவருக்கு இரண்டு வருடம் நான்தான் ஷேவ் எடுத்துவிட்டேன். அவருக்கு நான் செய்ததை இதுவரை ஒருவருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லுகிறேன். இடையில் கதை வேறு பக்கம் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு நேர்கோட்டில் பேச வராது.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு. மெல்பேர்ணில் மல்கிரேவ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குப் பராமரிப்பு வேலை. கலியாணம் கட்டி இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என் ஆங்கிலம் கடையில் சாமான் வாங்கப் போதும், சண்டை பிடிக்கப் போதாது. எனக்கு முன்னமே அங்கே வேலை செய்தவ பத்மினி அன்ரி, சாவகச்சேரி ஆள். "பிள்ளை, இந்த வேலைக்கு இங்கிலீஷ் தேவையில்லை. 'லவ்லி' எண்ட ஒரு சொல்லுப் போதும். மூத்திரம் போனாலும் லவ்லி, போகாட்டிலும் லவ்லி" என்று முதல் நாளே எனக்கு வகுப்பெடுத்தவ. அவ சொல்லுவதை எல்லாம் நான் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். ஆட்களின் வாயிலிருந்து விழுகிற சொல்லைப் பொறுக்குகிற பழக்கம், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நாளிலிருந்து எனக்கு இருக்கிறது. புத்தகம் இல்லாதவளுக்கு ஆட்கள்தானே புத்தகம்.

பதினான்காம் அறைக்காரர்தான் நான் சொல்லுகிறவர். பிரித்தானிய விமானப்படையில் எயார் கொமடோராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மகள் மார்கரெட்டோடு இருக்க மெல்பேர்ணுக்கு வந்து, கடைசியில் எங்கள் இல்லத்துக்கு வந்துவிட்டார். வயது தொண்ணூறு. எழும்பி நடக்க முடியாதவர்களைக் கழிப்பறைக்குக் கொண்டு போகிற சில்லுக் கதிரைக்கு 'கொமட்' என்று பெயர். மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். "கொமட்டில இருந்தாலும் கொமடோர் கொமடோர்தான், பாத்துத் தள்ளு" என்று பத்மினி அன்ரி அவர் முன்னாலேயே தமிழில் சொல்லுவா. நான் குனிந்து அவர் காலணியைச் சரி செய்வது போலச் சிரிப்பேன். என்ன பகிடி என்று அவர் கேட்பார். "லவ்லி மோர்னிங், சேர்" என்பேன். வெட்கக்கேடு அங்கேயே தொடங்கிவிட்டது, பாருங்கள்.

அவருக்குக் கை நடுக்கம். மின்சார ஷேவரைக் கொண்டு போனால், "அது புல்லு வெட்டுற மெஷின்" என்று தள்ளிவிடுவார். சவர்க்காரமும் தூரிகையும் வேண்டும், ஒற்றை பிளேட் வேண்டும். நுரை பூசியிருக்கும்போது பேச முடியாது. ஒரு கன்னம் முடிந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்குவார். ஆகவே அவருடைய இராணுவ வாழ்க்கை முழுவதும் எனக்குக் கன்னம் கன்னமாகத்தான் கிடைத்தது.

தபால்காரரின் மகன். பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தார். ஆகக் கீழே பைலட் ஒபிசர், அப்படியே ஏறி ஸ்குவாட்ரன் லீடர், விங் கொமாண்டர், குரூப் கப்டன், அதற்கு மேலே எயார் கொமடோர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் என்னிடம் ஒப்பிக்கச் சொல்லுவார். நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கப்டனைக் கீழே கொண்டு போய் வைப்பேன். "இல்லை இல்லை, அது பெரிய பதவி!" என்று அவருக்குக் கோபம் வரும். எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. எங்கள் பக்கத்தில் கப்டன், மேஜர் எல்லாம் இயக்கத்துக்குப் போய்ச் செத்த பிள்ளைகளின் படத்துக்குக் கீழேதான் எழுதியிருக்கும், மதிலில் ஒட்டியிருக்கும். தொண்ணூறு வயது வரை உயிரோடிருந்து, பாணுக்கு மாமலேட் பூசித் தின்ற கப்டனை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஜெர்மனிக்கு மேலே பொம்மர், அதுதான் குண்டு போடுகிற பிளேன், ஓட்டியவர். ஒரு பிளேனுக்குள் ஏழு பேர். மூக்கிலிருந்து வால் வரை யார் யார் எங்கே இருந்தார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லுவார். ஒருநாள் இவருக்குக் காய்ச்சல், வேறொருவர் ஓட்டிக்கொண்டு போனார், பிளேன் திரும்பி வரவில்லை. "என் பதக்கத்தைக் காய்ச்சலுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்" என்றார். அதையும் கொப்பியில் எழுதினேன்.

அவர் அறைச் சுவரில் ஒரு விமானத்தின் படம் மாட்டியிருக்கும். முதல் நாள் அதைக் கண்டதும் என்னைக் கேளாமலே உடம்பு கட்டில் பக்கம் குனிந்துவிட்டது. பொம்மர் சத்தம் கேட்டால் பங்கர்க் குழிக்குள் ஓடி வளர்ந்த உடம்பு, அது படம் என்று அதற்கு யார் சொல்லுவது? "பொம்மர்காரனுக்குத் தேத்தண்ணி ஆத்திக் குடுக்க வேணுமெண்டு எங்கட தலையில எழுதியிருக்கு" என்று பத்மினி அன்ரி பெருமூச்சு விடுவா. ஆனால் அவர் நல்ல மனிதர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், கதையைக் கேட்டுவிட்டு நீங்கள் அவரைப் பிழையாக நினைக்கக் கூடாது. அந்த உலக யுத்தத்துக்குப் பிறகு நீர்கொழும்புப் பக்கத்து விமானத்தளத்தில் இரண்டு வருடம் இருந்தவர் என்பதால், என்னைக் கண்டதும் "ஆயுபோவன்" என்று சிங்களத்தில் வணக்கம் சொன்னார். நான் முகம் கொடுக்காமல் "குட் மோர்னிங், சேர்" என்றேன். ஏன் என்று மகளிடம் விசாரித்திருக்கிறார். அடுத்த நாள் கதவைத் திறக்க முன்னமே "வனாக்கம்!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

இனி என் தம்பியிடம் வருகிறேன். சுதன். எங்கள் நாட்டு யுத்தம் முடிகிற காலத்தில் வன்னியில் எங்கள் வீட்டின் மேல் குண்டு விழுந்தது. அம்மா செத்துப் போனா. அவன் வெளியே நின்றதால் தப்பினான். பிறகு படகேறி வந்து, சிட்னியில் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தான். நான் மெல்பேர்ணில், அவன் சிட்னியில். பின்னேரம் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது தொலைபேசியில் கதைப்போம். அவன் அம்மாவின் கடைசி நாளைப் பற்றிச் சொல்லுவான். ஒரே மூச்சில் சொல்ல அவனால் முடியாது. ஒரு நாளைக்கு ஒரு துண்டு. நான் அப்போது அங்கே இல்லாதவள். என் அம்மாவின் கடைசி நாள் எனக்கு அவன் வாயில்தான் இருந்தது.

அவனுடைய கேஸ் முதல் தடவை நிராகரிக்கப்பட்டுவிட்டது. மறுபரிசீலனைக்குப் போட்டிருந்தார்கள். அதுவும் சரிவராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். லோயர் ஒரு சின்னப் பெண், என்னிடம் சொன்னா: சொல்லாமல் கொள்ளாமல் வீட்டின் மேல் குண்டு போட்டார்கள் என்று உங்கள் தம்பி சொல்லுவதை அவர்கள் நம்பவில்லை, அவனுக்காகப் பேசக்கூடிய மதிப்பான ஆட்கள் யாராவது கடிதம் தந்தால் உதவியாக இருக்கும்.

கடிதம் என்றதும் எனக்கு உசார் வந்துவிட்டது. எங்கள் ஊரில் எதற்கும் ஒரு பெரிய மனிதரின் கடிதம்தானே. ஊர் அலுவல் பார்க்கிற விதானையார் தருவார், பள்ளிக்கூட அதிபர் தருவார், சமாதான நீதவான் முத்திரை குத்தித் தருவார். பத்மினி அன்ரியிடம் சொன்னேன்.

"பேருக்குப் பின்னால வால் நீளமா இருக்கிற ஆளின்ர கையெழுத்து வேணுமடி," என்றா. "உன்ர பதினாலாம் நம்பருக்கு வால் நிலத்தில இழுபடுது."

இல்லத்தில் இருப்பவர்களிடம் நாங்கள் எந்த உதவியும் கேட்கக் கூடாது, அது கடும் சட்டம். நான் கேட்கவில்லை. நான்கு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஷேவ் எடுத்தேன், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் அவரே கேட்டார். உடனே அழுதேன். அழுகை உண்மை, அதைக் காட்டிய நேரம்தான் உண்மையில்லை.

"நானே எழுதுகிறேன்" என்றார். அன்று அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், பத்து வயது குறைந்த மாதிரி. மார்கரெட்டைக் கொண்டு இலங்கை வரைபடம் ஒன்று எடுப்பித்தார். எந்த ஊர், எந்தத் திசை, எத்தனை மைல் என்று ஒரு வாரம் கேள்வி. கேள்விகளுக்கு நடுவில் ஒரு காலை, தன்னுடைய அரபு தேசத்துக் கதையைத் திரும்பவும் எடுத்தார். அது எனக்கு மனப்பாடம். மலைப்பக்கத்து ஆட்கள் அரசாங்கத்துக்கு அடங்கவில்லை. அவர்களுடைய வீடுகளை உடைக்க உத்தரவு. முதலில் விமானத்திலிருந்து தாள்களைப் போடுவார்கள்: இன்ன நாள் குண்டு விழும், ஆடு மாடுகளையும் கொண்டு வெளியேறுங்கள் என்று. பிறகுதான் வெறும் வீட்டுக்குக் குண்டு. "ஒரு ஆடுகூடச் சாகவில்லை" என்று முடிப்பார். முடித்துவிட்டுக் கண்ணாடியில் என்னையே பார்ப்பார். வேறு எந்தக் கதைக்கும் அப்படிப் பார்க்கமாட்டார். நான் "லவ்லி, சேர்" என்ற பிறகுதான் மற்றக் கன்னத்தைக் காட்டுவார்.

அன்றைக்கு அதோடு நிற்கவில்லை. "டிட் தே கிவ் யூ நோட்டீஸ்?" என்று கேட்டார்.

நோட்டீஸ் என்றால் எங்களுக்கு என்ன? தாள். கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ், படத்துக்கு நோட்டீஸ், செத்தவீட்டுக்கு நோட்டீஸ். அதைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது எட்டு வயதில் கண்டது. ஹெலி ஒன்று வந்து தாள்களைக் கொட்டிவிட்டுப் போனது. கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் போய் இருங்கள் என்று அதில் அச்சடித்திருந்தது. பெரியவர்கள் பதறிக்கொண்டு மூட்டை கட்ட, நாங்கள் பிள்ளைகள் வெயிலில் மினுங்கிக்கொண்டு வந்த தாள்களை விழ முன்னம் பிடிக்க ஓடினோம்.

"யெஸ் சேர்! மெனி நோட்டீஸ்! வானத்திலிருந்து! நாங்கள் ஓடிப் பிடிப்போம்!" என்றேன்.

நுரை அப்பிய முகத்தோடு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எவ்வளவோ காலம் யாரோ சொல்ல வேண்டும் என்று காத்திருந்ததை நான் சொல்லிவிட்டேன் போல.

எனக்கு அவர் கேட்டது விளங்கவில்லை என்று இவ்வளவு காலமும் என்னை நானே சமாதானம் செய்து வந்திருக்கிறேன். அரைவாசி விளங்கியது. அவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறார் என்பது முழுவதும் விளங்கியது. எனக்குக் கடிதம் வேண்டும்.

கடிதம் வந்தது. மார்கரெட் அச்சடித்து, தடித்த தாளில், கீழே அவருடைய நடுங்கிய கையெழுத்து. கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். குசினி மேசையில் வைத்து இவர் வாசித்தார். முதல் பந்தி முழுக்கக் கொமடோரின் பதவிகள். "அடேயப்பா" என்று வாசித்துக்கொண்டு போனவர் மூன்றாம் பந்தியில் நின்றுவிட்டார். தமிழில் சொல்லுவதானால் அதில் இப்படி இருந்தது: 'அந்த நாட்டு விமானப்படை பொதுமக்களுக்கு முறையாக நோட்டீஸ் கொடுத்தே செயற்பட்டது என்பதை இவருடைய சகோதரி தன் சொந்த அனுபவத்திலிருந்து எனக்கு உறுதிப்படுத்தியிருக்கிறார். இருந்தும் தாயை இழக்க நேர்ந்த இந்த இளைஞனுக்கு இரக்கம் காட்டுமாறு வேண்டுகிறேன்.'

"நீர் இப்பிடிச் சொன்னனீரோ?"

"ஓம். நோட்டீஸ் போட்டவங்கள்தானே?"

"அது பேப்பர் இல்லையப்பா. முன்கூட்டியே சொல்லுறது. வெயர்ஹவுஸில நோட்டீஸ் இல்லாமல் எங்கட ஆக்களை நிப்பாட்டினவங்கள் எண்டு போன மாசம் சொன்னனே, அந்த நோட்டீஸ்." இவருக்கு ட்ருகனினாவில் சாமான் களஞ்சியத்தில் வேலை. அந்தச் சொல்லை வேலை போன ஆட்களிடமிருந்து படித்தவர். கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "சொல்லாமல் கொள்ளாமல் விழுந்தது எண்டு அவன் சொல்லுறான். சொல்லிப்போட்டுத்தான் போட்டவங்கள் எண்டு நீர் சொல்லுறீர். இதைக் குடுத்தீரெண்டால் தம்பியை நீரே பிளேன் ஏத்தி அனுப்புறீர்."

அடுத்த நாள் காலை எப்படியும் சொல்லித் திருத்துவிப்பது என்றுதான் போனேன். அவர் குளித்து, கழுத்துப்பட்டி கட்டி, எனக்காகக் காத்திருந்தார். "படையை விட்ட பிறகு நான் கையெழுத்துப் போட்ட ஒரே உருப்படியான காகிதம் அது" என்றார்.

திருத்த வேண்டுமானால் நான் என்ன சொல்ல வேண்டும்? சேர், என் அம்மாவுக்கு ஒரு தாளும் விழவில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், அந்த அரபு மலைப்பக்கத்தில் எழுத்து வாசிக்கத் தெரியாதவர், நடக்க ஏலாதவர் ஒருவரும் இருக்கவில்லையா என்ற கேள்வியும் கூடவே போய் அவர் மடியில் இருக்கும். அவர் மேல் இரக்கப்பட்டுப் பேசாமல் விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தேன். முறைப்பாடு வரும், வேலை போகும், தொண்ணூறு வயது மனிதரைப் பொய்யராக்கியவள் என்று மகள் நினைப்பா. தூரிகையைக் குழைத்துக்கொண்டு, "லவ்லி லெட்டர், சேர்" என்றேன்.

லோயரிடம் கடிதம் கிடைக்கவில்லை என்றேன். சுதனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "பெரியவர் எழுதேல்லையடா. மாட்டன் எண்டுட்டார்."

"எயார் போர்ஸ்காரன் எண்டால் எந்த நாட்டிலயும் ஒண்டுதான் அக்கா. விடுங்கோ," என்றான்.

நான் "ம்" என்றேன். இவ்வளவு பொய்யிலும் என்னை இன்றைக்கும் குடைவது அந்த ஓரெழுத்துத்தான்.

கடைசியில் கனடாவில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கொடுத்த வாக்குமூலமும் உடைந்த வீட்டின் படங்களும் சுதனைக் காப்பாற்றின. அவன் வெளியே வந்த செய்தியைக் கொமடோருக்குச் சொன்னேன். "கடிதமா?" என்று கேட்டார். "ஓம் சேர், கடிதம்தான்." மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இருந்த எல்லாருக்கும் செரி வைன் வாங்கிக் கொடுத்தார். கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அந்தக் கதையைச் சொன்னார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு குளிர்காலத்தில், நித்திரையிலேயே போய்விட்டார். மார்கரெட் தொலைபேசி எடுத்தா. உங்களுடைய தம்பியையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், முன் வரிசையில் இடம் வைக்கிறேன் என்றா. அவனுக்கு வேலை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிச் சொல்லி அன்றைக்கு என் கையில் பொய் ஒன்றும் மிச்சமில்லை.

சுதன் அப்போது எங்களோடு இருந்தான். "அந்தாளின்ர செத்தவீட்டுக்கு நான் என்னத்துக்கு?" என்றான்.

"எனக்காக வாடா."

சின்னத் தேவாலயம். பெட்டிக்கு மேலே கொடி, கொடிக்கு மேலே அவருடைய தொப்பி. மார்கரெட் எழும்பித் தகப்பனுடைய சேவையை வாசித்தா. நான் கன்னம் கன்னமாகக் கேட்டதெல்லாம் வரிசையாக வந்தது: பைலட் ஒபிசர், ஜெர்மனி, திரும்பி வராத பிளேன், நீர்கொழும்பு, அரபு மலைகள், குரூப் கப்டன், கொமடோர். முடிந்தது என்று நினைத்தேன். மார்கரெட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னா: அப்பாவின் கடைசிச் சேவை தொண்ணூறு வயதில்தான் நடந்தது. ஒரு கடிதத்தால் ஓர் இளைஞனைத் தடுப்பு முகாமிலிருந்து மீட்டார். தன் வாழ்க்கையில் செய்தவற்றில் அதுதான் சிறந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த இளைஞன் இன்று எங்களோடு இருக்கிறார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுதனுக்கு அதற்குள் என்னைவிட நல்ல ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு விளங்கியது. எழும்பி நின்றான். மெடல் குத்திய கிழவர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் "தாங்க் யூ" என்றான். மார்கரெட் கட்டிப் பிடித்தபோதும் "தாங்க் யூ" என்றான். என் பக்கம் திரும்பவில்லை.

காரில் பாதி வழி வந்த பிறகு கேட்டான். "அந்தாள் எழுதினவரோ?"

"ஓம்."

"எங்க அது?"

வீட்டுக்கு வந்து, துணிகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினியில் நின்றபடி வாசித்தான். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நோட்டீஸ் விழுந்தது உண்மைதானே அக்கா," என்றான், மெதுவாக. "அம்மா செத்து நாலாம் நாள். வளவு முழுக்க. நான்தான் கூட்டி அள்ளினனான்."

கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

அந்த இல்லம் இப்போது இல்லை. இடித்துவிட்டு நான்கு மாடி கட்டியிருக்கிறார்கள். பதினான்காம் அறை இருந்த இடத்தில் வாகனம் இறங்குகிற வழி. மார்கரெட் இங்கிலாந்துக்கே போய்விட்டா. பத்மினி அன்ரி பிறிஸ்பேனில் மகளோடு. சுதனுக்கு ட்ருகனினாவில் சொந்த வீடு, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், நான் சமைத்ததைக் குறை சொல்லுவான், சிரிப்பான். ஒரு குறையும் வைக்கமாட்டான். அம்மாவின் கடைசி நாளை மட்டும், அந்தக் கடிதத்தை வாசித்த பிறகு எனக்கு அவன் சொன்னதில்லை. கொமடோரின் செத்தவீட்டுக்கு முதல் நாள் பின்னேரம் அவன் சொன்ன துண்டில், அம்மா கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டு, துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு, "சுதன், அரிசி களைஞ்சு வைச்சிட்டன், அடுப்பை மூட்டு" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போகிறா. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கிற முகமும் எனக்கு இல்லை.